மேற்கு வாசல் மூச்சு

தூணுக்குப் பின்னால் போய் நில் என்றார்கள், ஞானப்பூ போய் நின்றாள், தோளில் பிள்ளை. மேற்கு வாசல் தூண் சும்மா தூண் இல்லை, ரெண்டு ஆள் கை கோர்த்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது, வருசா வருசம் சுண்ணாம்பு அடித்து மொழுமொழுவென்று கிடக்கும், அதன் பின்னால் ஒருத்தி நின்றால் கர்த்தர் ஒருத்தருக்குத்தான் தெரியும். ஒத்திகை தொடங்க வேண்டிய நேரம், கீபோர்டு வயரில் என்னமோ கோளாறு. சரியாகும் வரைக்கும் அவரவர் இடத்தை விட்டு யாரும் அசையக் கூடாது என்று பாடகர் குழு மாஸ்டர் மாணிக்கம் சார் சொல்லிவிட்டார். அவரவர் இடம். அந்த வார்த்தையில் வந்து அவள் மனசு முட்டிக்கொண்டு நின்றது. அவளுடைய இடம் தூணுக்கு அந்தப் பக்கம், வாசற்படியை ஒட்டிக் கிடக்கிற கருங்கல் பலகை, செருப்பில்லாத காலுக்கு டிசம்பரிலும் லேசாகச் சூடு தெரியும், பகல் வெயில் அதில் தங்கியிருக்கும். அந்தச் சூட்டின் மேல் இப்போது ஷைனி நிற்கிறாள். எட்டிப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். எட்டிப் பார்த்தாள். சந்தன நிறச் சேலை, அரக்கு பார்டர், பவளவிழாவுக்கென்று குழு மொத்தத்துக்கும் எடுத்த ஒரே சேலைதான், ஆனால் ஷைனி மேல் அது கடைப் பொம்மை மேல் கட்டினது மாதிரி நிற்கிறது, ஞானப்பூ மேல் பாலும் எச்சிலும் பட்டு ஒரு தோள் மட்டும் வேற நிறமாகியாச்சு. பிள்ளை டெபி அந்த ஈரத்திலேயே கன்னத்தை வைத்துத் தேய்த்தது. ஏளா சும்மா கிட, இப்ப பாடப் போறாங்க. யார் பாடப் போறாங்க? அம்மை இல்லை.

அந்தப் பாட்டு இந்தக் கோயிலில் மட்டும்தான் உண்டு. பாடகர் குழு தொடங்கின காலத்தில் யாரோ கட்டிக் கொடுத்தது. கிறிஸ்துமஸ் கீத ஆராதனை அன்றைக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள், ஃபேன்கூட ஓடாது, கைப்பிள்ளைகள்கூட என்னமோ புரிந்த மாதிரி அடங்கிவிடும். மேற்கு வாசலில் ஒரே ஒரு குரல். வாசல் திறந்திருக்குது ஆண்டவரே, வாரும். கடைசி வாரும் என்ற சொல்லை எடுத்ததும் கோயில்குட்டி தாவீது அண்ணாச்சி, மணியடிப்பது, விளக்கேற்றுவது, கதவு பூட்டுவது எல்லாம் அவர்தான், ஒற்றை மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து நடக்கத் தொடங்குவார். அவர் பீடத்துக்குப் போய் அங்கே உள்ள பெரிய திரியில் நெருப்பு வைக்கும் வரைக்கும் அந்த வாரும் அறுபடக் கூடாது. அறுபட்டால் அந்த வருசம் நன்றாயிருக்காது என்று சில பேர் சொல்வார்கள், அதெல்லாம் அஞ்ஞானம் என்று பாதிரி ஐயர் பிரசங்கத்தில் திட்டுவார், ஆனால் ஐயரும் அந்த நேரம் சபையோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். அண்ணாச்சிக்கு முட்டு தேய்ந்துபோச்சு. ஒவ்வொரு வருசமும் கோயில் அதே நீளம்தான், பாட்டுதான் நீண்டுகொண்டே போகும். ஞானப்பூ பிடித்தாள். பதினாறு வயசிலிருந்து பிடித்தாள். வெளியே வந்ததும் பொம்பளைகள் அவள் முதுகைத் தட்டுவார்கள், ஞானப்பூவுக்கு என்ன மூச்சுட்டி, சங்கு குளிக்கப் போயிருந்தா இன்னேரம் மச்சுவீடு கட்டியிருப்பா என்பார்கள். அவள் தலையைக் குனிந்து சேலை நுனியைச் சுருட்டுவாள், ஆனால் வீடு வரைக்கும் கால் தரையில் படாது. அஞ்சாம் வகுப்பில் டீச்சர் எழுந்து வாசி என்றபோது தொடை நடுங்கி, நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டவள், அதோடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினவள். இன்றைக்கும் ரேஷன் கடையில் தன் பேரைச் சொல்லச் சொன்னால் குரல் எழும்பாது. வெளிச்சத்தில் அவளுக்கு வாய் கிடையாது. வருசத்தில் ஒரு தடவை, இருட்டில், யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாதபோது, அந்தக் கல்லின் மேல் மட்டும்தான் அவள் ஒரு ஆள். ஷைனிக்கு என்ன? மைக் பிடித்துப் பாடுவாள், கல்யாண வீட்டில் பாடுவாள், இரங்கல் கூட்டத்தில் பாடுவாள், வெளிச்சத்தில் பாட அவளுக்கு நூறு பாட்டு கிடக்கிறது. இருட்டில் இந்த ஒண்ணையாவது எனக்கு விட்டிருக்கக் கூடாதா.

விட்டிருக்கலாம். யார் விடுவார்கள். போன வருசம் கீத ஆராதனை அன்றைக்கு ஞானப்பூ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள், டெபி பிறந்து வாரம்கூட ஆகவில்லை. ஜன்னல் வழியாக எந்தக் கோயில் மணியோ கேட்டது, இப்ப விளக்கை அணைப்பாங்க, இப்ப தாவீது அண்ணாச்சி தீப்பெட்டியை உரசுவாரு என்று நினைத்தபோது மார் இரண்டும் கல்லாகி வலித்தது. அந்த வருசம் யாரும் பாடவில்லை, கீபோர்டிலேயே வாசித்து ஒப்பேற்றினார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டு அவளுக்கு வந்த சந்தோசம் இருக்கிறதே, அதற்காக அவள் ஜெபத்தில் மன்னிப்புகூடக் கேட்டாள், முழு மனசோடு கேட்கவில்லை. பிறகுதான் நாகர்கோவிலிலிருந்து ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு மருமகளாக இந்த ஷைனி வந்து இறங்கினாள். சோல்பா தாளை, இங்கிலீஷ் சுரம் எழுதினது, வெறுமனே பார்த்தே பாடுவாள், தமிழ் எழுத்தைப் படிக்கிற மாதிரி. ஞானப்பூவும் தாள் பிடிப்பாள், எல்லாரும் பிடிக்கிறார்களே என்று, பக்கம் புரட்டும்போது அவளும் புரட்டுவாள். ஷைனி நல்லவள் வேற, அதுதான் தாங்க முடியாதது. பிள்ளையைத் தாங்கக்கா, நீங்க கொஞ்சம் இருங்க என்று கை நீட்டுவாள், டெபியும் வெட்கமில்லாமல் தாவிக்கொண்டு போகும். வளையல் ஒன்றும் போடாத கை, நகத்தில் அழுக்கு கிடையாது. அந்தக் கையில் கிடந்துவிட்டு வரும் பிள்ளை மேல் ஒரு பவுடர் வாசனை வரும், வீட்டுக்குப் போய் ஈரத் துணியால் துடைத்துவிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பைக்கில் வரும்போது ஆசீர் சொன்னான். கட்டின புருசன் சொன்னான். "அந்த ஹெட்மாஸ்டர் மருமக நல்லா பாடுதால்லா." அவன் ஒண்ணும் நினைத்துச் சொல்லவில்லை, உப்பு லோடு ஏற்றுகிறவனுக்குப் பாட்டு தெரியாது, மழை வருமா வராதா என்கிற மாதிரிதான் சொன்னான். அவளும் ஆமா என்றாள். வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பு போடவில்லை. அவன் அதையும் கவனிக்காமல் சாப்பிட்டான்.

ஆனால் அதெல்லாம் பழைய முள். இன்றைக்குக் குத்தினது வேற. ஒத்திகை தொடங்குவதற்கு முன்னால், அங்கி மாட்டுகிற அறையில், ரூபி அக்கா அவளை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரூபி அக்கா தையல்காரி, குழுவில் எல்லாப் பொம்பளைக்கும் அவள்தான் ஜாக்கெட் தைப்பது, யாருக்கு எங்கே சதை போட்டது என்று புருசன்மாருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். "கையைத் தூக்கு, தையலைப் பிரிச்சு விட்டேனே, பத்துதா?" என்று விலாவில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே, ஊசியில் நூல் கோர்க்கிற குரலில் சொன்னாள்.

"சார் சொன்னாருல்லா, நீ தூணுக்குப் பின்னால நிக்கணும். அவ வாரும்னு பிடிச்சு, மூச்சு எளைக்கும்போது நீ உள்ள போயிரணும். அவ குரல் மாதிரியே. அவ மூச்சு வாங்கிட்டு வந்ததும் நீ கரைஞ்சிரு. வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அவளுக்கும் சொல்லிராத. தெரிஞ்சா உன் குரல்ல சாய்ஞ்சிருவா, பாதியிலயே விட்டுருவா. எனக்கு இப்ப தொண்டை கரகரங்கு, இல்லேன்னா நானே நின்னுருவேன். நான் உனக்கு நின்னேம்லா, அதே மாதிரி."

"எனக்கா? எப்பக்கா?"

"எப்பவா? ஏளா, எல்லா வருசமும்தான்."

எல்லா வருசமும்தான். சொல்லிவிட்டு ரூபி அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்து ஷைனியின் முந்தானையைச் சரி செய்யப் போய்விட்டாள், ஒரு வீட்டை இடித்துப்போட்டுவிட்டுப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. ஞானப்பூவுக்கு ஒரு ரகசியம் இருந்தது, புருசனிடம்கூடச் சொல்லாதது. அந்த நீண்ட வாருமில் நடுவே ஒரு இடத்தில் அவள் திருடி மூச்சு வாங்குவாள். தாவீது அண்ணாச்சி பாதிப் பெஞ்சுகளைத் தாண்டும்போது நெஞ்சு பற்றி எரியும், கண்ணுக்குள் புள்ளி புள்ளியாகப் பறக்கும், ஒரு சின்ன விக்கல் மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பப் பிடிப்பாள். இழுத்த அந்த நேரம் பாட்டு நின்றிருக்க வேண்டும், ஆனால் நிற்காது. மேலே எங்கேயோ அது போய்க்கொண்டே இருக்கும். முதல் வருசம் அவளுக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. கூரைதான் என்று நினைத்தாள். எவ்வளவு உயரக் கூரை, பர்மா தேக்கு, வௌவால் பறக்கிற உயரம், நான் கொடுத்ததை அது வைத்திருந்து, நான் மூச்சு வாங்கும்போது எனக்குத் திருப்பிக் கொடுக்கிறது. தனக்கும் கூரைக்கும் மட்டும் தெரிந்த காரியம் என்று வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் நீளும்போது அண்ணாந்து பார்ப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள், சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி. இப்போதும் அண்ணாந்தாள். மரச் சட்டம், ஒட்டடை, ஒரு செத்த டியூப்லைட். வாயைத் திறக்காத வெறும் மரம். அதற்கு ஒண்ணுமே தெரியாது. இத்தனை வருசமும் ரூபி அக்கா, ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த அதே ரூபி அக்கா, இதே தூணில் முதுகைச் சாய்த்து நின்று, இவள் மூச்சு எங்கே இற்றுப்போகும் என்று காத்திருந்து பிடித்திருக்கிறாள். சங்கு குளிக்கப் போயிருந்தா. முதுகில் தட்டின கைகள். அந்தக் கைகளுக்குத் தெரியுமா? கூட நின்ற குழுவுக்காவது தெரிந்திருக்குமே. தெரிந்துகொண்டே தட்டினார்களா? காது மடல் சூடேறிற்று. ரூபி அக்கா மேல்கூடப் பொறாமையாக வந்தது, இது என்ன கூத்து, பாடினவளும் நான், பொறாமைப்படுகிறவளும் நான். என் பாட்டில் பாதி அவளுடையது. சரி, அப்போ மிச்சப் பாதியாவது என்னுடையதா, இல்லை அதையும் யாராவது தைத்துக் கொடுத்ததா?

"கீபோர்டு ரெடியா? லைட்டை அணைச்சிரலாமா?" என்று சார் கத்தினார். இன்னும் ஒரு நிமிசம் சார் என்று பீடத்துப் பக்கமிருந்து பதில் வந்தது. இந்தப் பக்கம் ஷைனி லேசாகச் செருமினாள், காலை மாற்றி நின்றாள், சேலை உரசுகிற சத்தம் தூணைச் சுற்றிக்கொண்டு வந்தது. பயப்படுகிறாள். பயப்படட்டும். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, ரூபி அக்கா சொன்ன நேரத்திலிருந்தே உள்ளே உட்கார்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, இப்போது எழுந்து நின்றது, அவ்வளவுதான். ஒண்ணும் செய்ய வேண்டாம். தள்ள வேண்டாம், பேச வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வாயை மூடுவது அவளுக்குப் பிறந்ததிலிருந்து வருகிற காரியம். ஷைனி மூச்சு வாங்குவாள், பாட்டு அறும், அண்ணாச்சி நடுக்கோயிலில் மெழுகுவர்த்தியோடு முழித்துக்கொண்டு நிற்பார், சார் நெற்றியில் அடித்துக்கொண்டு இவளுக்கு மூச்சு பத்தலைப்பா என்பார். பிள்ளை அழுதுட்டு சார், என்னால முடியலை என்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள். பால் குடிக்கிற பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியுமா. நாளைக் கழித்துப் பேராயர் வருகிறார், அதற்குப் பிறகு விழா மாதம் முழுக்க ஒவ்வொரு சேகரத்துக் கோயிலாகப் போய்ப் பாட வேண்டியிருக்கிறது, சார் பயந்துபோவார், ஞானம், நீயே நின்னுரு, பழகின ஆளு என்பார். கல் திரும்பக் கிடைக்கும். இருட்டு திரும்பக் கிடைக்கும். யோசித்துப் பார்த்தால், கிடைத்து என்ன? அவளுக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? ரூபி அக்காவுக்குத் தொண்டை போச்சு. ஷைனியைத்தான் நிறுத்துவார்கள். ஷைனி, அந்தச் சுத்தமான கையோடு, இந்தத் தூணுக்குப் பின்னால், நான் எங்கே இற்றுப்போகிறேன் என்று காது கொடுத்துக்கொண்டு. அதுக்கு நான் செத்துப்போகலாம். அப்போ இரண்டும் வேண்டாம். இரண்டும் வேணும். டெபி அவள் தாலிச் செயினை வாயில் போட்டுச் சப்பியது. விடு. செயினில் பல் படும் சின்னச் சத்தம். இது இன்றைக்குப் பாட்டில் கேட்டால் பிரச்சினை, என்று யோசித்து, பிரச்சினையானால் உனக்கென்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். செயினைப் பிடுங்கினாள்.

லைட் போச்சு. வெளியே சாயங்காலம் இன்னும் மிச்சமிருந்தது, சாத்தின கதவுகளின் இடுக்கில் கோடு கோடாகத் தெரிந்தது, ஆனால் தூணுக்குப் பின்னால் நல்ல இருட்டு. ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. எங்கேயோ ஒரு ஆட்டோ ஹாரன். பிறகு ஷைனி எடுத்தாள். வாசல் திறந்திருக்குது. நல்ல குரல்தான், அதை மறுக்க முடியாது, மெலிசாக, நேராக, கோடு போட்ட தாளில் எழுதின மாதிரி. ஞானப்பூ அந்த இடத்தில் சின்னதாக ஒரு வளைவு வைப்பாள், ஆண்டவரே என்கிறபோது கெஞ்சுகிற மாதிரி. இவள் வைக்கவில்லை, கெஞ்சிப் பழக்கமில்லாதவள் எப்படி வைப்பாள். தோளில் கிடந்த டெபி தலையைத் தூக்கியது. இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அது வீட்டில் தூங்கும். வேற எந்தத் தாலாட்டும் அவளுக்குத் தெரியாது, வாரும், வாரும் என்று முனகியே இந்த ஒரு வருசமும் தூங்க வைத்திருக்கிறாள், தூக்கம் வரும் நேரம் பிள்ளை கையை நீட்டி அவள் வாய்க்குள் விரலை விட்டுக்கொள்ளும், பாட்டு எங்கிருந்து வருகிறது என்று தடவிப் பார்க்கிற மாதிரி. இப்போது அது குரல் வந்த திசைக்குத் திரும்பியது. அம்மையின் தோளில் இருந்துகொண்டே தூணுக்கு அந்தப் பக்கம் கழுத்தை நீட்டியது. ஒரு சத்தம் போட்டது, ங்கா என்று, பிரியமாக. இருந்ததில் மிச்சமும் போச்சா, இதையும் எடுத்துக்கிட்டாளா. கண் கரித்தது. ஷைனி வாரும் என்று பிடித்தாள். தீப்பெட்டி உரசியது. அண்ணாச்சியின் செருப்பில்லாத கால் தரையைத் தேய்த்துக்கொண்டு புறப்பட்டது, ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. மெழுகுவர்த்தி வெளிச்சம் தூணின் ஒரு ஓரத்தில் ஊர்ந்து விலகியது. போ அண்ணாச்சி, மெதுவாப் போ, இன்னும் மெதுவா. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். குரல் மெலிந்தது. மெலிகிறது, இங்கேதான், நடுப் பெஞ்சு, இங்கேதான் நெஞ்சு எரியும், புள்ளி பறக்கும். எரியட்டும். டெபியின் விரல் அவள் முகத்தில் தடவிக்கொண்டு வந்தது, கன்னம், மூக்கு, உதடு. மூடின உதட்டின் மேல் வந்து நின்று நோண்டியது. பாட்டு கேட்கிறது, அம்மை வாய் மூடியிருக்கிறது, அதற்கு விளங்கவில்லை. ஷைனியின் குரல் நூலாகிவிட்டது. பிறகு அது நின்றது.

நின்றது. அதற்குள் ஞானப்பூ கேட்டாள், தூணுக்கு அந்தப் பக்கம், யாருக்கும் கேட்காத அந்தச் சின்னச் சத்தத்தை, விக்கல் மாதிரி உள்ளே இழுத்துக்கொள்கிற சத்தத்தை. அவளுடைய சத்தம். அவளுடையதேதான், பதினாறு வயசில், காலுக்குக் கீழே கல் சுட, தொடை நடுங்க. விரலுக்காகத் திறந்தாளா, அந்த இழுப்புக்காகத் திறந்தாளா என்று பிறகு எத்தனை தடவை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. வாய் திறந்துகொண்டது. பிள்ளையின் விரலைச் சுற்றி, ஷைனியின் குரலில், மெலிசாக, நேராக, தன் வளைவை எல்லாம் மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு அவள் பிடித்தாள். ஒரு முடியிழை இடைவெளி விழுந்திருக்கும், அவ்வளவுதான். அண்ணாச்சியின் கால் ஒரு தடவை தயங்கி, திரும்ப நடந்தது. நெருப்பு இப்போது என் மூச்சில் நடக்கிறது. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஷைனி மூச்சு வாங்கிவிட்டு உள்ளே வந்தாள். ஞானப்பூ கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு பெஞ்சு தூரம், இந்த ஒரு பெஞ்சு என்னுடையது. பக்கத்து இருட்டில் ரூபி அக்கா கனைத்தாள். அப்புறம்தான் விட்டாள். பீடத்தில் பெரிய திரி பற்றியது. டெபி விரலை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ஈரத் தோளில் தலையைச் சாய்த்தது.

லைட் வந்தது. கண் கூசியது. குழுவில் யாரோ கை தட்டினார்கள். "ஷைனிக்கு என்ன மூச்சுட்டி!" என்று ஒருத்தி சொன்னாள், அதே குரல், அதே வார்த்தை. சார் தன் தாளைப் பார்த்துக்கொண்டு, "நடுவுல லேசா ஒரு ஆட்டம், பரவால்ல, அன்னைக்குச் சரியாயிரும்" என்றார், ஞானப்பூ பக்கம் திரும்பாமலே. ரூபி அக்கா மட்டும் திரும்பினாள். அளவு நாடாவால் அளக்கிற மாதிரி தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை, பிறகு போய்த் தண்ணீர் குடித்தாள். ஷைனி முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, நேராகத் தூணைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வழக்கம்போலப் பிள்ளைக்குக் கை நீட்டவில்லை. அந்தச் சுத்தமான கை சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"எக்கா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கட்டா? நீங்கதான எல்லா வருசமும் பாடுனது. சிரிக்காதீங்க."

"சொல்லு."

"நடுவுல எனக்கு மூச்சு போயிட்டுக்கா. சத்தமே நின்னுட்டு. செத்தேன்னு நெனச்சேன். ஆனா பாட்டு நிக்கல." அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள், அண்ணாந்து பார்த்தாள். "இந்தக் கூரை பிடிச்சுக்கிடுதுக்கா. உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா?"

ஞானப்பூவும் அண்ணாந்து பார்த்தாள். மரச் சட்டம், ஒட்டடை, செத்த டியூப்லைட். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை, ரூபி அக்கா சொன்ன மாதிரி, ஊசியில் நூல் கோர்க்கிற குரலில். நாக்கு நுனி வரைக்கும் வந்து இனித்தது.

"ஆமா," என்றாள். "நல்ல கூரை."

"அடுத்த வாரம் கொம்பன்விளைக் கோயில்ல பாடணுமே. அது தகரம் போட்ட கோயிலாமே. அங்க எப்படிக்கா?"

டெபி தூங்கிவிட்டது, பிடி தளர்ந்து கனத்தது. ஞானப்பூ அதை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எந்தக் கோயிலா இருந்தா என்னளா," என்றாள். "கூரை இல்லாத கோயில் உண்டா? நீ பாடு."